மாதம்மாவின் ஃபுல் அட்டெண்டன்ஸ்

கம்பெனிக்கு ஆள் ஏத்துற வேன் ஓட்டுறவனுக்கு ரெண்டு பக்கமும் இடி: லேட்டானா கேட்டுல சூப்பர்வைசர் கத்துவார், சீக்கிரம் போனா ஸ்டாப்பிங்ல பொம்பளைங்க கத்துவாங்க. நம்ம தொழில்ல இருக்குற அண்ணன் தம்பிகளுக்கு நான் சொல்லியா தெரியணும்! அதுலயும் என் ரூட்டு, நாட்றாம்பாளையம் மலையிலிருந்து ஓசூர்.

ஹார்ன்

காட்டு ரோட்டுல ஹார்ன் அடிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க. அடிக்கலைன்னா மாதம்மா வந்து சேர மாட்டா. புருஷன் பெங்களூருல கட்டட வேலை. ராகி கதிர் பிடிச்சதிலிருந்து ராத்திரி பூரா கொல்லைக்காட்டுப் பரண்ல ஏறி ஆனைக்குக் காவல் இருக்குறது இவதான். ஹார்ன் கேட்டதும் அங்கிருந்தே ஓடி வருவா, ஏறினதும் ஜன்னல்ல சாஞ்சு தூங்கிடுவா.

ஒருநாள் எனக்கே கோவம் வந்துடுச்சு. "சம்பளம்தான் வருதே, அந்தத் துண்டு நிலத்தைக் கட்டிக்கிட்டு ஏம்மா சாவுற?"ன்னு கேட்டுட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னா: "கம்பெனிக்காரன் எப்ப வேணாம்பான்னு யாருக்குத் தெரியும்ண்ணா? ராகி இருந்தா பிள்ளைங்க களியாச்சும் தின்னும்."

லீவுக்குக் காரணம்

கொல்லையில ஆனை இறங்கினா விடிஞ்சும் விரட்டிக்கிட்டே இருக்கணும். அன்னிக்குக் கம்பெனிக்கு லீவுதான். சூப்பர்வைசர் சின்ன வயசுப் பையன், வெளியூர்க்காரன், நல்லவன்தான். ஒருநாள் வேன்கிட்டயே வந்து நின்னுட்டான். "போன வாரமும் ஆனை, இந்த வாரமும் ஆனையா? இன்னொரு லீவு போட்டா பேரை எடுத்துடுவேன்"னான். மாதம்மா சிரிச்சா: "அதுக்கும் வாரா வாரம் பசிக்குதே சார், நான் என்ன பண்ணட்டும்?"

டிபன் பாக்ஸ்

அப்புறம் ஒரு காலை, நான் ஹார்ன் அடிக்கிறதுக்கு முன்னாடியே குளிச்சு, தலை வாரி ஸ்டாப்பிங்ல நிக்கிறா. "அட, இன்னிக்கு மழைதான் போ!"ன்னு கிண்டல் பண்ணினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்துச்சு அவளுக்கு. "கூட்டமா வந்துச்சுங்கண்ணா, ஒரு கதிர் மிச்சமில்லை. இனி பரண்ல எனக்கென்ன வேலை, வண்டியை எடுங்க."

என் வாயில அடிச்சுக்கணும்போல இருந்துச்சு. வண்டியை எடுத்தேன்.

அதுக்கப்புறம் அவ ஒரு லீவு போடலை. மாசக் கடைசியில எல்லாரையும் நிக்க வச்சு, ஃபுல் அட்டெண்டன்ஸ்னு அவளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அந்த சூப்பர்வைசர் பையன் மனசார சந்தோஷப்பட்டுத்தான் சொன்னான்: "பாத்தீங்களா மாதம்மா, மனசு வச்சா முடியுதுல்ல?"

அண்ணன் தம்பிகளா, எங்க மலை ரூட்டுல ஒரு பொம்பளை லீவே போடாம வேலைக்கு வந்தா, கை தட்டுறதுக்கு முன்னாடி அவ கொல்லைப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.