கோடை விழாவுக்கு நான் எழுதிய மதிப்பீடு

கடற்கரையில் மே மாதம் பத்து நாள் நடக்கும் கோடைக் கலைவிழாவுக்கு நான் மூன்று வருஷம் மதிப்பீட்டாளராக இருந்தேன். மூன்றாவது வருஷம் நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கே பாதிதான் தெரியும்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். வீடு அபிராமபுரத்தில். ஓய்வு பெற்ற மறு வருஷம் விழாக் குழுவின் செயலாளர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்து, அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, கச்சேரி, நாட்டியம் என்று சுற்றுகிற மனிதர். சாந்தமான குரல். எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்.

விழாவுக்குப் பணம் எப்படி வருகிறது என்று அவர்தான் விளக்கினார். மேடை, விளக்கு, கலைஞர்களுக்குச் சன்மானம் எல்லாவற்றையும் சில கம்பெனிகள் ஏற்றுக்கொள்ளும். பாதியை முன்னால் கொடுப்பார்கள். மீதி, விழா முடிந்து மதிப்பீடு போன பிறகு. குழுவில் சேராத மூன்று பேர் பத்து நாளும் பார்த்துவிட்டுத் தனித்தனியாக எழுதித் தரவேண்டும். நிகழ்ச்சி எப்படி, கூட்டம் எப்படி, இடம் வசதியா, குறை என்ன, அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று ஒரு படிவம் உண்டு. மதிப்பீட்டாளருக்குச் சம்பளம் கிடையாது.

"உங்களை மாதிரி ஒருத்தர் பார்த்துச் சொன்னாத்தான் கம்பெனிக்காராளுக்கு நம்பிக்கை வரும்" என்றார்.

நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கும் அதில் ஒரு பிசகும் சொல்ல முடியாது.

விழா நடக்கிற இடம் சாந்தோமுக்குத் தெற்கே, மீனவர் குப்பத்தை ஒட்டிய மணல்வெளி. முதல் இரண்டு வருஷம் நான் எழுதியதை யாரும் படித்த அடையாளமே இல்லை. ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது என்று எழுதினேன். மறு வருஷமும் கிழித்தது. பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று எழுதினேன், வரவில்லை. ஆனாலும் விடாமல் எழுதினேன். விடைத்தாளில் சிவப்பு மை படாமல் திருப்பிக் கொடுத்தால் திருத்தவே இல்லை என்று நினைத்துவிடுவார்களே என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

மூன்றாவது வருஷம் பெரிய கம்பெனி மாறியது. கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் பணம் கொடுத்தார். மேடையின் மேல் விழாவின் பெயரைவிடப் பெரிதாக அவர் கம்பெனியின் பெயர். முதல் நாள் அவரே வந்தார். முன்வரிசையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். மேடையில் சின்னப் பெண்கள் கோலாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் தெற்கு ஓரத்தில், குப்பத்து வீடுகளுக்கு எதிரில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடலைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடல் அவருக்கு இடதுபக்கம் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒன்பதாம் நாள் குப்பத்துப் பெண்களின் பாட்டு. எட்டுப் பேர். தலைவிக்கு நாற்பது வயதிருக்கும். பகலில் மேடைக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்பவள். கரகரத்த குரல், சுருதிப்பெட்டி எதுவும் கிடையாது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, சோறு ஆறுகிறது, வந்து சாப்பிடு என்று கூப்பிடுகிற பாட்டு. கூட்டத்தில் ஒரு செல்போன்கூட அடிக்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர்களுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன்.

அடுத்தது மெல்லிசை நிகழ்ச்சி. டிவியில் பாடிப் புகழ்பெற்ற பையன் ஒருவன் வருகிறான் என்று சாலையிலிருந்து ஜனம் திபுதிபுவென்று இறங்கியது. மேடையின் தடுப்புவேலிக்கும் குப்பத்தின் முதல் வரிசை வீடுகளுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் இரண்டு தள்ளுவண்டிகள். முன்னாலிருந்து வெளியே வருகிறவர்களும் பின்னாலிருந்து உள்ளே போகிறவர்களும் அந்தச் சந்தில் மோதிக்கொண்டார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். செருப்பு போயிற்று. யாருடைய முழங்கையோ கழுத்தில் அழுத்தியது. கால் தரையில் இல்லை. மூச்சு உள்ளே போகவில்லை. இங்கேதான் சாகப்போகிறேன் என்று மிகத் தெளிவாகத் தோன்றியது.

அப்போது ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. ஒரு வீட்டு வாசற்படியில் விழுந்தேன். அந்த மீன் வறுவல்காரப் பெண்.

"உள்ள வா டீச்சர்! இன்னா நின்னுகினு கீற, உள்ள வா!"

எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரை இழுத்துப் போட்டாள். பக்கத்து வீடுகளும் அப்படியே கதவைத் திறந்து ஆட்களை உள்ளே வாங்கின. கால் மணி நேரத்தில் நெரிசல் கலைந்தது. யாருக்கும் பெரிய காயமில்லை. அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "எம்பொண்ணு உன் இஸ்கூல்லதான் படிச்சா. ஒன்னிய எனக்குத் தெரியும்" என்றாள்.

விழா முடிந்த மறுநாள் காலை, அந்தச் சந்தின் பயம் போகாமலேயே மதிப்பீட்டை எழுதினேன். குறைகள் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'மேடைக்குத் தெற்கே உள்ள வீடுகளும் தள்ளுவண்டிகளும் வழியை அடைக்கின்றன. உயிராபத்து நேருமுன் அப்புறப்படுத்துவது அவசியம்.'

நான் நினைத்தது வண்டிகளை. பத்தாம் வகுப்புப் பெண் அப்படி எழுதியிருந்தால், எதை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். கதவுகள் திறந்ததைப் பற்றி நான் எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

நாலு நாள் கழித்துச் செயலாளர் போன் செய்தார். "ரொம்பப் பிரமாதமா எழுதியிருக்கேள். நம்ம பில்டர் படிச்சுட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார்." சாயங்காலம் கட்டடக் கம்பெனியிலிருந்து முந்திரியும் பாதாமும் நிறைந்த பெரிய கூடை ஒன்று வந்தது.

"மத்த ரெண்டு பேருக்கும் வந்துதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போன் போட்டு விசாரித்தேன். வரவில்லை. கூடையை நாங்கள் பிரிக்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள் காலை நடைக்கு அந்தப் பக்கம் போனேன். முதல் வரிசை வீடுகளின் சுவரில் சிவப்புப் பெயின்டில் எண்கள். இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். மீன் வறுவல்காரப் பெண் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

"நாலு நாளா அளந்துகினு கீறாங்கோ டீச்சர். விழாவுக்கு எடம் பத்தலயாம். நம்ம வூட்டால ஜனங்க உசுருக்கு ஆபத்துன்னு யாரோ பெரியவங்க எயுதிக் குடுத்துட்டாங்களாம்."

"யாருன்னு சொன்னாங்களா?"

"பேர சொல்லல. அத்தினி பேர இஸ்துப் போட்டோமே நாங்க, அத்தப் பாக்காமயா எயுதிருப்பாங்க?"

அவள் வாங்கிக் கொடுத்த பன்னீர் சோடாவைக் குடித்து முடித்தேன். வீட்டுக்கு நடந்துவந்தேன். அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை தடவை யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

மறுநாள் தி. நகரில் செயலாளர் வீட்டுக்குப் போய், என் மதிப்பீட்டைத் திருத்தவேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வழவழப்பான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நிரந்தரக் கலை வளாகம், நடைபாதை, புல்வெளி என்று வண்ணப்படங்கள். அதில் குப்பமே இல்லை. முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், என் இரண்டு வாக்கியங்கள். அடியில் 'சுதந்திர மதிப்பீட்டாளர்'.

"உங்க பேரை எங்கேயும் போடலை. கவலைப்படாதேள்" என்றார்.

"நான் வீட்டைச் சொல்லலை. வண்டியைத்தான் சொன்னேன்."

"எழுதினதுல அப்படி இல்லையே மேடம்."

வெளியே வந்தபோது பகல் பன்னிரண்டு மணி. துணிக்கடைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் இறங்க எனக்குக் கால் வரவில்லை. ஒரு கடைவாசலில் வெகுநேரம் நின்றேன்.

வீட்டில் பழைய செல்போன் படங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு வருஷமும் மேடைக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஒரு கார் போகிற அளவுக்கு இடம் இருந்தது. ஒரு படத்தில் வேன் ஒன்றே நிற்கிறது. வீடுகள் நகரவில்லை. மூன்றாவது வருஷம் மேடைதான் தெற்கே நகர்ந்து வந்திருக்கிறது. மணல்வெளியில் வடக்கே அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும்போது, யாரோ யோசித்து அந்த மேடையை அங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நானும் பத்து நாள் போய் உட்கார்ந்து அதைக் கவனிக்காமல், குரலையும் தாளத்தையும் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பரில், குப்பத்து வீடுகளை அப்புறப்படுத்துவது பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. "நமக்கெதுக்கு வம்பு? உன் பேருதான் இல்லைங்கறாளே. ஆத்துல இரேன்" என்றார் என் வீட்டுக்காரர். நான் ஆட்டோ பிடித்துப் போனேன். சமுதாயக்கூடத்தில் முழுக்கக் குப்பத்து ஜனம். மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, இளவயதுக்காரர், மரியாதையானவர். என் வாக்கியங்களை மைக்கில் வாசித்தார்.

எழுந்து நின்றேன். "அதை எழுதினது நான்தான்."

இரண்டு வரிசை முன்னால் இருந்த அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் என்று சொல்லமுடியாது. அடையாளம் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நெரிசலில் என்னைக் காப்பாற்றியதே அந்த வீடுகள்தான் என்றேன். மேடையை நகர்த்தியிருக்கிறார்கள், படம் இருக்கிறது என்றேன்.

"மேடை எங்க போடணும்ங்கறது இன்னிக்கு விஷயம் இல்லைம்மா. நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அங்க உயிராபத்து இருந்துதா, இல்லையா?"

"இருந்தது. ஆனா..."

அவர் குனிந்து எழுதினார். என் 'ஆனா'வுக்குப் பிறகு வந்த எதற்கும் அவர் பேனா அசையவில்லை. படங்களை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

வெளியே அவளிடம் போனேன். கையைப் பிடித்தேன். அவள் உதறவில்லை.

"அன்னிக்கு சோடா குடிச்சியே, அப்பவே சொல்லிருந்தா நாங்க வக்கீலாண்ட ஓடிருப்போமே டீச்சர். ரெண்டு மாசம் பூட்ச்சே" என்றாள்.

மழைக்கு முன்னால் முதல் வரிசை வீடுகளை இடித்தார்கள். பின்னால் இருந்த இரண்டாம் வரிசையை, என் படங்களை வைத்துக் குப்பத்துக்காரர்களின் வக்கீல் வாங்கிய தடையுத்தரவு நிறுத்திவைத்தது. அவளுக்குப் பெருங்குடியைத் தாண்டி வெகுதூரத்தில், நாலாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். டிசம்பரில் போய்ப் பார்த்தேன். வண்டி கீழே பூட்டிக் கிடந்தது. அங்கே மீன் வாங்க ஆளில்லை. மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போய்வர ஒரு நாள் ஓடிவிடுகிறது. இப்போது பெரிய ஆபீஸ் ஒன்றில் தரை துடைக்கிறாள். பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"எட்டுப் பேரும் எட்டு பில்டிங்ல கீறோம். எங்க பாடுறது?" என்றாள். கிளம்பும்போது, "இன்னொரு வாட்டி இம்மாந்தூரம் வராத டீச்சர்" என்றாள். என் வயதை நினைத்துச் சொன்னாளா, வேறு எதையாவது நினைத்தா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் செயலாளர் மறுபடியும் போன் செய்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி. "பத்து நாளும் வந்து பார்த்துக் கொடுத்துடுங்கோ." மாட்டேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். இரண்டாம் முறை கேட்கவில்லை.

விழா தொடங்குகிற நாள் மத்தியானம் நானாகவே போனேன். முதல் வரிசை இருந்த இடத்தில் ரோலர் ஓட்டி மண்ணைச் சமன் செய்திருந்தார்கள். அவ்வளவு இடமும் கிடைத்த பிறகும் மேடை மணல்வெளியின் நடுவில் இல்லை. இன்னும் தெற்கே தள்ளி, இரண்டாம் வரிசை வீடுகளிலிருந்து ஏழெட்டு அடி தூரத்தில், புதுத் தடுப்புவேலியோடு நின்றது.

ஒரு வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் போய், நான் யார் என்பதை முதலில் சொன்னேன். பிறகு மேடையைக் காட்டி, போன வருஷம் செய்ததையே மறுபடியும் செய்கிறார்கள் என்றேன். அவர் நிமிர்ந்து வேலியையும் தன் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். அரைமணியில் பதினைந்து இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பெண் சந்தின் குறுக்கே சேலை ஒன்றைப் பிடித்து நீளம் பார்த்தாள். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். வக்கீலுக்கு அனுப்பினார்கள். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

"கூட்டம் எத்தினி மணிக்கு வரும்?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"ஆறு மணிக்கு ஆரம்பிக்கும்."

அவர் வலையைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, வாசல் கதவைக் கீலிலிருந்து கழற்றத் தொடங்கினார். நெரிசல் வந்தால் கதவே இல்லாமல் இருப்பது நல்லது என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களும் ஸ்க்ரூடிரைவர் தேடினார்கள். நான் வேலியோரம் நின்று ஒவ்வொரு கதவாக வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன். மேடையில் மைக்கைச் சரிபார்க்கிற குரல் கேட்டது. சாலைப் பக்கமிருந்து முதல் ஆட்கள் மணலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.