சீசன் நேரத்தில் மூன்று லினக்ஸ்

குற்றாலத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்காருகிறவருக்கு, அருவியில் தண்ணி விழுதா, பாத்ரூமில் வெந்நீர் வருதா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் தென்காசியிலிருந்து தினமும் பஸ் ஏறினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வேறு ஏதாவது ஒன்றும் வந்து சேரும். எனக்கு லினக்ஸ் வந்தது.

புக்கிங் கம்ப்யூட்டர் சாகக் கிடந்தது. சீசன் முடியாமல் புதுசு கிடையாது என்றார் முதலாளி அண்ணாச்சி. ஸ்டோர் ரூமில் ஒரு பழைய மெஷின் இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸில், மூல நிரலாகவே கிடைக்கும் வகைகள் உண்டு, அவற்றை மெஷினே தனக்கு ஏற்றபடி கம்பைல் செய்து ஓட வைத்துக்கொள்ளும், பழசுக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். மூன்றை ஒப்பிட்டு ஒன்றைப் போடுகிறேன் என்றேன். லினக்ஸை அதுவரை தொட்டதுகூட இல்லை.

"போடும்மா. அடுத்த சனிக்கிழம கூட்டம் வாரதுக்குள்ள ஓடலன்னா நீயும் அதும் ஒண்ணா வீட்டுக்குப் போங்க" என்றார்.

தடித்த கையேடு

முதல் வகையில் எல்லாவற்றையும் நாமே கட்ட வேண்டும். கையேட்டைப் பிரிண்ட் எடுத்து நாலு நாள் கோடு போட்டுப் படித்தேன். கருவியைக் கட்டுவதற்கான கருவியை முதலில் கட்டு என்றது. அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த வாசுதேவநல்லூர் விவசாயி ஒருவர், எந்தப் பரீட்சைக்கு என்று விசாரித்தார். கம்ப்யூட்டரை ஓட வைக்க என்றேன். சாவியை மேசையில் வைத்தார்.

"எங்க பம்புசெட்டுக்கு ஒரு பட்டன்தாம்மா."

குளிக்கத் தடை

கையேட்டை மூடி வைத்துவிட்டு எடுத்த இரண்டாவது வகை, ஒவ்வொன்றையும் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டது. தோன்றியபடி பதில் சொல்லி ஓடவிட்டேன். திரை முழுக்க எழுத்து வரிவரியாக ஓடியது. அன்றைக்குப் பார்த்து வெள்ளம். அருவிகளில் குளிக்கத் தடை. போக்கிடம் இல்லாமல் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக ஆட்கள் மேசையைச் சுற்றி நின்று திரையைப் பார்த்தார்கள். அண்ணாச்சி நாலு நாற்காலி போடச் சொன்னார். மத்தியானம் மெமரி போதவில்லை என்று எல்லாம் நின்றுபோனது. எனக்கு அழுகை வந்தது. எண்ணெய் தேய்த்திருந்த பெரியவர்தான் அதிகம் வருந்தினார்.

"இங்கயாவது விழுதேன்னு பாத்துக்கிட்டிருந்தோம்."

ஈரச் சட்டை

மூன்றாவது வகை சிறியது; கேள்விகளும் குறைவு, அவற்றுக்கும் தோன்றியபடியே பதில் சொன்னேன். கம்பைல் ஆகும்போது மெஷினின் பின்பக்கம் அனலாகக் கொதித்தது. துபாயிலிருந்து கணவர் லீவில் வந்திருந்த கடையநல்லூர் அம்மா ஒருவர் அதைக் கண்டுபிடித்து, பிள்ளைகளின் ஈரச் சட்டைகளைக் காற்று வரும் இடத்தில் பிடித்தார். சாரலில் மூன்று நாளாக எதுவும் காயவில்லையாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு பிழையும் இல்லாமல் வேலை முடிந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். அந்த அம்மாவின் முகம் வாடியது.

"அதுக்குள்ள முடிஞ்சிட்டா? இன்னும் ரெண்டு சட்டை கெடக்கே."

சனிக்கிழமை

கூட்டம் வாசல்வரை நின்றது. அறைப் பதிவுகள் மளமளவென்று ஏறின. அண்ணாச்சியே தலையை ஆட்டினார். முதல் ரசீது கேட்டபோதுதான், பிரிண்டர் வேண்டுமா என்பதற்கு வேண்டாம் என்று கொடுத்தது ஞாபகம் வந்தது. சேர்க்க வேண்டுமானால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அண்ணாச்சி கார்பன் தாள் வைத்து ரசீது எழுத உட்கார்ந்தார். ஐம்பதாவது ரசீதில் விரலைச் சொடுக்கிக்கொண்டார்.

"உன்னைய வீட்டுக்கு அனுப்பலாம்னா, இத நிறுத்தத் தெரிஞ்ச ஆளு வேற இல்லையே."

மூன்றையும் ஒப்பிட்டதில் நான் கண்டது, எது வேண்டாம் என்று கேட்கும் கம்ப்யூட்டரிடம் எது எதற்கென்றே தெரியாதவள் பதில் சொல்லக் கூடாது என்பதுதான்.