கடைசி வாய்த் தண்ணீர்

எங்கள் அத்தை பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. ஆரணியைத் தாண்டி அவள் போன தூரமே வந்தவாசிதான். ஆனாலும் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே எனக்காக ஒரு பாலைவனத்தையும் அதில் வாழ ஒரு கூட்டத்தையும் உண்டாக்கினாள். அவர்களுக்கு வெண்மணலார் என்று பெயர். விடியற்காலையில் ஆட்டு மயிரில் படிந்த பனியை நக்கித் தாகம் தீர்ப்பார்கள். உச்சி வெயிலில் தங்கள் கழுதையின் நிழலில் படுத்துத் தூங்குவார்கள். அந்தக் கழுதைகள் ஊதா நிறம். மண்ணுக்கடியில் தண்ணீர் இருந்தால் மோப்பம் பிடித்துக் காலால் தோண்டும். வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டால் அவர்களுக்குத் தாகமே எடுக்காது. நானும் அப்படியே பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கேள்வி கேட்டதும் பதில் சொல்லப்போய்க் கல்லை விழுங்கிவிட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் சேத்துப்பட்டிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இந்த இடம் முடிந்த மாதிரிதான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அத்தை வெண்மணலாருக்குப் புதிதாக ஒரு சட்டம் போட்டாள். விருந்தாளியாக வருகிறவன் சொம்புத் தண்ணீரில் கடைசி வாயைக் கழுதைக்கு மிச்சம் வைக்க வேண்டும். வைக்காதவனை நம்பிக் கூட்டத்தில் ஒருவரும் அவனோடு போகக் கூடாது. அதைக் கவனித்துச் சத்தமாகச் சொல்வது காவல்காரியின் வேலை. காவல்காரி யார்? வேறு யார், நான்தான்.

மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா சொம்பை நீட்டியதும் அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துக் காலிச் சொம்பைக் கீழே வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

"இவுரு கழுதைக்கு மிச்சம் வெக்கல! இவுரு கூட அத்தைய அனுப்பாதீங்க!" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா, "கொழந்ததாங்க, ஏதோ விளையாட்டுக்கு ஒளறுது" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "கொழந்த சொந்தமாவா பேசுது? வூட்ல பேசிகினு இருக்கறதத்தான் சொல்லும். எம்புள்ள கழுதையா?"

காபி ஆறுவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா என்னை அறைந்தார். அத்தை சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தாள், தடுக்க வரவில்லை. அப்பாவின் அடி வலித்ததைவிட, அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்ற வெட்கம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது. தெருவில் தறிக்குப் பாவு நூல் இழுத்துக் கட்டுகிறவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பல நாள் தலை நிமிராமல் நடந்தேன். சேர்த்து வைத்திருந்த கூழாங்கற்களைச் சாக்கடையில் கொட்டினேன்.

அத்தை அதன்பிறகு பாலைவனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தார் சுற்றும்போது நான் பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்மேல் தீராத கோபம் என்று நினைத்து நான் இன்னும் குறுகிப்போனேன்.

கத்திரி வெயிலில், நெருக்கியடித்த பஸ்ஸில் சேத்துப்பட்டிலிருந்து வந்து இறங்குகிற எவர்தான் சொம்பில் ஒரு வாய் மிச்சம் வைப்பார்? அதை யோசிக்க எனக்கு அன்று தெரியவில்லை. அத்தை என் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் கோபமல்ல, அவளுக்கும் வெட்கம்தான் என்பதும் தெரியவில்லை.