எல்லாமே தலைப்பான மிளகுக் கடைப் பக்கம்

வெப்சைட் செய்து பிழைக்கிறவரிடம் உலகம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் பெரிசா போடுங்க." இதே தொழிலில் மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், முதலாளி ஜோஸ் சேட்டன், அப்புறம் நான். தொண்ணூறுகளின் கடைசியில் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் அங்கே குப்பை கொட்டினேன். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த எங்க அப்பாவுக்கு நான் என்னதான் செய்கிறேன் என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

எல்லாம் பெரிசு

என் முதல் பெரிய வாடிக்கையாளர் ராவுத்தர் இக்கா. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மிளகு, சுக்கு, ஏலம் மொத்த வியாபாரம். கடையில் என்ன சரக்கு எத்தனை மூட்டை இருக்கிறது என்று தினமும் காட்டுகிற பக்கம் வேண்டும் என்றார். செய்து காட்டினேன். கடைப் பெயர் மட்டும் பெரிதாக இருந்ததில் அவர் முகம் விழுந்துவிட்டது. மிளகு என்ன பாவம் செய்தது, சுக்கு என்ன பாவம் செய்தது என்று கேட்டார்.

ஹெச்-ஒன் என்று ஒரு டேக் உண்டு. 'இதுதான் பக்கத்தின் முக்கியத் தலைப்பு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்காக ஏற்பட்டது. கூடவே எழுத்தையும் பெரிதாகக் காட்டும். நான் எழுத்து பெரிதாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடைப் பெயர், மிளகு, சுக்கு, மூட்டை எண்ணிக்கை, வெள்ளிக்கிழமை விடுமுறை, எல்லாவற்றுக்கும் ஹெச்-ஒன். இக்கா நாற்காலியைத் தள்ளிப் போட்டு, தூரத்திலிருந்து படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் மோளே, கடைக்கு ஒரு களை வந்திருக்கு."

தள்ளி வைக்க ஒரு வழி

அடுத்தது, வரிகள் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று புகார். அதற்கும் குறுக்கு வழி வைத்திருந்தேன். பிளாக்கோட் என்கிற டேக், 'இது வேறொருவர் சொன்ன மேற்கோள்' என்று அறிவிப்பதற்கானது. அதைப் போட்டால் வரி உள்ளே தள்ளி நிற்கும். இன்னும் தள்ள வேண்டுமா? ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று போடு. இப்படியாக, ராவுத்தர் இக்காவின் கிடங்கு முகவரி மேற்கோளுக்குள் மேற்கோளுக்குள் மேற்கோளாகிப் போனது.

இது முறையில்லையே என்று எனக்கே ஒருநாள் உறுத்தியது. ஜோஸ் சேட்டனிடம் சொன்னேன். அவர் சாயா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "காண பங்கியா, அழகா இருக்குல்லே ராஜி, அது போதும். உள்ளே எறங்கி யாரு நோக்கப் போறா?"

உள்ளே இறங்கி நோக்கியவள்

சில வருஷம் கழித்து, கடை டெலிபோனைக் கவனிக்க ராவுத்தர் இக்கா சுசீலாவை ஒரு வாரம் சோதனைக்கு எடுத்தார். வைப்பின் தீவிலிருந்து தினமும் போட்டில் வருவாள். தமிழ், மலையாளம், இந்தி, குஜராத்தி, இங்கிலீஷ் ஐந்திலும் வெளுத்துக் கட்டுவாள். கண் தெரியாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் ஒன்றைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டாள். யாராவது போனில் கேட்டால், பக்கத்தைக் கேட்டுச் சரக்கு நிலவரம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மூன்றாம் நாள் இக்கா என்னைக் கூப்பிட்டு, "உன் பக்கம் ஒளறுது" என்றார். போய் நின்றேன். சுக்கு கேட்டு எர்ணாகுளத்திலிருந்து ஒரு ஆள் லைனில் காத்திருந்தார். கம்ப்யூட்டர் நிதானமாக ஆரம்பித்தது: தலைப்பு, கடைப் பெயர். தலைப்பு, வெள்ளி விடுமுறை. மேற்கோள் ஆரம்பம், மேற்கோள் ஆரம்பம், மேற்கோள் ஆரம்பம், கிடங்கு முகவரி. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ அவளுக்கு ஒரு விசை உண்டு; ஆனால் எல்லாமே தலைப்பாக இருந்தால் எங்கே தாவுவது? சுக்கு வருவதற்குள் அந்த ஆள் போனை வைத்துவிட்டார். இப்படியே போனால் சனிக்கிழமையோடு கணக்குத் தீர்த்து அனுப்ப வேண்டியதுதான் என்று இக்கா வருத்தத்தோடுதான் சொன்னார். அவள் வேலைக்கு உலை வைத்தது என் கை. நான் வந்து நிற்பது தெரியாமல் சுசீலா சொன்னாள்: "இதைச் செஞ்சவங்க யாரா இருந்தாலும் சரி, ஒரே ஒரு தடவை கண்ணை மூடிட்டு உட்கார்ந்து கேக்கச் சொல்லுங்க இக்கா."

ரெண்டு நாள்

நான்தான் அது என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு மாடியேறி, மொத்தப் பக்கத்தையும் பிரித்துப் போட்டேன். கடைப் பெயருக்கு மட்டும் ஹெச்-ஒன். மிளகு, சுக்கு, ஏலம் மூன்றுக்கும் அதற்கு அடுத்த தலைப்பு. மூட்டை விவரம் பட்டியலாக. பிளாக்கோட் ஒன்றுகூட மிச்சமில்லை. அளவு, நிறம், இடைவெளி எல்லாம் ஸ்டைல்ஷீட் என்கிற தனிக் கோப்புக்குப் போயின. இக்காவின் பெரிய எழுத்து ஒரு மயிரிழை குறையாமல் அப்படியே இருந்தது. யாரும் கேட்காத வேலை என்று ஜோஸ் சேட்டன் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை நானும் கடையில் இருந்தேன். போன் அடித்தது. குஜராத்தியில் யாரோ சுக்கு கேட்டார். சுசீலா ஒரே விசையை மூன்று தரம் தட்டினாள். இக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் புதுச் சரக்கு எத்தனை, பழையது எத்தனை என்று சொல்லி, வண்டி எப்போது வரும் என்றும் கேட்டு முடித்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம் என்று அங்கேயே அவளிடம் சொல்லிவிட்டார் இக்கா. அப்புறம் திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "எல்லாம் பழையபடிதானே இருக்கு மோளே, ரெண்டு நாளா நீ என்னதான் செஞ்சே?"

சுசீலாவின் முத்திரை

அதற்குப் பிறகு நான் செய்த எந்தப் பக்கமும் சுசீலா கேட்டுச் சரி சொல்லாமல் வெளியே போனதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போவேன். அவள் பாதிச் சோற்றில் விசைப்பலகையை இழுத்துக்கொள்வாள். தப்பு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வாள். தப்பே இல்லாத ஒரு நாளில், கையைத் துடைத்தபடி சொன்னாள்: "மத்தவங்க பக்கத்துல தடவித் தடவி நடக்கணும் சேச்சி, உங்க பக்கத்துல ஓடலாம்."

கண்ணுள்ள வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்று சொல்லிப் போக, என் வேலையை ஒழுங்காகப் பார்த்துச் சொன்னவள் சுசீலா ஒருத்திதான்.