ஒப்புகைச் சீட்டு இல்லாத மேசை

என் மகள் தானே தேர்ந்தெடுத்த பையனின் பெற்றோரைக் குமுளியில் ஒரு ஓட்டலில் சந்திப்பதாக ஏற்பாடு. அவர்கள் கோட்டயத்துக்காரர்கள்.

"மேசைக்கு நீங்கதான்ப்பா சொல்லி வைக்கணும். அப்பத்தான் உங்களுக்குச் சம்மதம்னு அவுக நம்புவாக. தாலுகா ஆபீஸ் இங்கிலீஷ் மட்டும் வேணாம்" என்றாள், பெங்களூரிலிருந்து போனில்.

வருவாய்த் துறையில் நான் எழுதிய ஆங்கிலமெல்லாம் மேலே பணிந்தது, கீழே விளக்கம் கேட்டது. அவள் சொல்லித் தந்ததோ 'வுட் இட் பி பாசிபிள்' என்று தொடங்கியது. காசு கொடுத்துச் சாப்பிடப் போகிறவன் இப்படிக் கெஞ்சுவது எந்த விதியில் வருகிறது?

"சாத்தியமான்னு கேட்டா இல்லைன்னுருவான்."

"இது மனு இல்லப்பா. சும்மா சொல்லுங்க."

ஓட்டலுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். ஓட்டல்காரர் "ஷ்யூர் சார்" என்றார். பெயர் கேட்டதோடு சரி. முகவரி, அத்தாட்சி, முன்பணம் எதுவும் கேட்கவில்லை. ஒப்புகை எண் கேட்டேன். "நோ நீட் சார்" என்றார். அந்த வார்த்தையோடு, இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

சந்திப்பு அன்று கம்பத்திலிருந்து முன்னதாகவே பஸ் ஏறினோம். "அதான் சொல்லிட்டீகளே, இன்னும் என்ன அவசரம்?" என்றாள் மனைவி.

"பேச்சுக்கு ஏது சாட்சி?"

ஓட்டலில் ஜன்னலோரப் பெரிய மேசைமேல் 'ரிசர்வ்ட்' பலகை. அரசு விருந்தினர் மாளிகையில் இப்படிப் பலகை யாருக்கு வைப்பார்கள் என்று தெரியாதவனா நான்? எவனோ அதிகாரி வருகிறான். கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசையில், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல ஒரு நாற்காலியில் துண்டு, ஒன்றில் குடை, மற்றவற்றில் பையும் தண்ணீர்ப் பாட்டிலும் போட்டேன். பேர் கேட்ட பணியாளரிடம், "அதெல்லாம் போன்லயே சொல்லியாச்சு" என்றேன்.

மகள் அவர்களோடு வந்தாள். மேலாளர் என் பெயரைச் சொல்லி அவர்களை ஜன்னலோரம் அழைத்துப்போய்ப் பலகையை எடுத்தார். மகள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். பையனின் அம்மா துண்டையே பார்த்தார்.

"என்னப்பா இது?" மகளின் முகம் வெளுத்துவிட்டது. அதற்கான ஆங்கிலத்தை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மனைவிதான் பேசினாள். "நீங்க வந்து நிக்கக் கூடாதேன்னு இடம் பிடிச்சு வச்சிருக்காக."

பையனின் அப்பா என் குடையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நமக்குன்னு பிடிச்ச இடமல்லே? இவிட மதி, இங்கயே போதும்."

இவ்வளவு சுலபமாக ஒத்துப்போகிற ஆளை அலுவலகத்தில் நான் நம்பியதே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் கறியை முதலில் என் பக்கம் தள்ளினார். எதிரே மகள் அப்போதுதான் தண்ணீர் குடித்தாள்.