திட்டு வாங்கும் வேலை

காலாப்பட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருந்த எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் வாசலில், விரல் வைத்து வருகை பதியும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் கிடக்கும். அதில் டைம் ஆபீஸ் அண்ணன் உட்கார்ந்திருப்பார். புதுச்சேரியில் பஞ்சாலை மூடிய பிறகு இங்கே வந்தவர். தொழிலாளர்கள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் கையால் எழுதிய காலத்தில் அவருக்கு வேலை இருந்தது. மெஷின் வந்ததும் அது போயிற்று. ஆனாலும் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. நான் பர்சனல் டிபார்ட்மென்டில் சேர்ந்த முதல் நாள் காலை, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவரைத் திட்டிவிட்டு உள்ளே போனதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது.

"இன்னாண்ணே, பஸ்ஸு லேட்டா வருது, நீ பாட்டுக்கு ஸ்டூல தேச்சிக்கினு உக்காந்துகிற?" என்பார் ஒருவர். "நேத்து சாம்பாருல உப்பே இல்ல, நீயெல்லாம் எதுக்குதான் இருக்கியோ!" என்று இன்னொருவர். பஸ்ஸும் அவர் பொறுப்பில்லை, கேன்டீனும் அவர் பொறுப்பில்லை. "ஆமாப்பா, நான்தான். போ, போயி வேலையப் பாரு" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. லாரி வராவிட்டாலும் அவர்தான், கரண்ட் போனாலும் அவர்தான். அதிகாரிகள்கூட மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தால் வாசலுக்கு வந்து அவரிடம் நாலு வார்த்தை சத்தம் போட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டுத் தெளிந்த முகத்தோடு திரும்பிப் போவார்கள்.

நான் சமூகவியலில் எம்.ஏ. முடித்த கையோடு அங்கே போனவள். படித்த மிதப்பு இறங்காத வயது. ஒரு சமூகத்தில் எது நெடுநாள் நிலைத்திருக்கிறதோ, அது ஏதோ ஒரு பயனைத் தருவதால்தான் நிலைத்திருக்கிறது, வெளியே தெரியும் பயன் ஒன்று, உள்ளே மறைந்திருக்கும் பயன் இன்னொன்று என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் பாடம் உயிரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. புதுவீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி, எல்லோருடைய எரிச்சலையும் அவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். அதனால் உள்ளே யாருக்கும் யார்மேலும் கோபம் மிஞ்சவில்லை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, குரலை உயர்த்திக்கூடப் பேசமாட்டார். மீட்டிங் அறையின் வெள்ளைப் பலகையில் ஒரு மனித உடம்பை வரைந்து, இதயத்துக்கு ஒரு வேலை, நுரையீரலுக்கு ஒரு வேலை, அதுபோலக் கம்பெனியில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்றார். டைம் ஆபீஸ் என்று வந்தபோது வயிற்றுக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு இழுத்து, "இது குடல்வால் மேடம். எடுத்துட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நான் விடவில்லை. மறைந்திருக்கும் பயன் என்று என் பாடத்தை முழுக்க ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "திட்டு வாங்குறதுக்கு ஒரு போஸ்ட்டா? மேல கேட்டா நான் என்ன மேடம் சொல்வேன்?" என்று சிரித்தார். அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி, லட்டும் மிக்சரும் கொடுத்து அனுப்பினார்கள். அன்று மட்டும் யாரும் அவரைத் திட்டவில்லை. "வரேம்பா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஐப்பசி மழையில்தான் வினை வந்தது. குடோனின் ஷட்டரை யாரோ திறந்தபடி விட்டுவிட, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளெல்லாம் ஒரு சாயங்கால மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. பேக்கிங் சூப்பர்வைசர் கனகசெட்டிக்குளத்துக்காரர். பசை மெஷினில் இருந்த அக்கா காலாப்பட்டு. சூப்பர்வைசர் வீட்டு வறுத்த மீனும் அந்த அக்காவின் சோறும் மதியத்தில் ஒரே தட்டுக்குத்தான் போகும். கூடப் பிறந்தவர்கள் என்றே புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். முன்பு நடந்திருந்தால், "எல்லாம் அந்த டைம் ஆபீஸ் அண்ணன் பண்ண வேலை" என்று ஆளுக்கு ஒரு சத்தம் போட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து கூழை அள்ளிக் கொட்டப் போயிருப்பார்கள். இப்போது வாசலில் யாரும் இல்லை. விசாரணை வைத்தார்கள். கடைசியாகக் குடோனை விட்டு வந்தது அக்காதான் என்று சூப்பர்வைசர் சொன்னார். சாவி அவரிடம்தான் இருந்தது என்று அக்கா சொன்னார். சாவிப் பேச்சு அதோடு நிற்காமல் சாப்பாட்டுக்குப் போய், வீட்டுக்குப் போய், நாக்கூசும் வார்த்தை வரைக்கும் போனது. அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் அதன் பிறகு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு லாரி நிற்கும் பக்கமாகப் போய்விடுவார்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் மேலாண்மை மாணவர்களுக்கு இதே பாடத்தை நடத்துகிறேன். அண்ணனை உதாரணமாகச் சொன்னால் பிள்ளைகள் ரசித்துச் சிரிக்கிறார்கள். அவரை வைத்திருந்தால் கம்பெனிக்கு என்ன லாபம், எடுத்தால் என்ன நஷ்டம் என்று நன்றாகவே எழுதுகிறார்கள். மேனேஜரிடம் நான் வாதாடியதும் அதைத்தான். எங்கள் சண்டையெல்லாம் உடம்பைப் பற்றியது. நாள் தவறாமல் திட்டு விழுந்ததே, அந்த உறுப்புக்கு என்ன ஆயிற்று என்று எங்கள் இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை. "போ, போயி வேலையப் பாரு" என்று அவர் சொன்னதை, அவருக்கு எதுவும் உறைக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது, அக்காவை நிறுத்திய சேதி, முத்தியால்பேட்டையிலிருந்து வரும் ஆட்கள் மூலமாக அண்ணன் காதுக்கு எட்டியிருக்கிறது. அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தாவின் வீட்டுப் பின்போர்ஷனில்தான் அவர் குடியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை காலை டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டார். வாசலில் இருந்த புது செக்யூரிட்டி அவரை யாரென்று தெரியாமல் நிறுத்தி வைத்திருந்தான். நான் போய்ப் பார்த்தேன். சலவைச் சட்டை, ஷேவ் செய்த முகம். ஆள் பாதியாகியிருந்தார்.

"மேடம், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. சூப்பர்வைசர் மேலயும் இல்ல. என் பேர எழுதிக்கச் சொல்லுங்க மேனேஜர்கிட்ட" என்றார்.

"அண்ணே, மழை பேஞ்சப்ப நீங்க வேலையிலயே இல்லியே."

"நான் இல்லாமப் போயிட்டேனே, அதான மேடம் தப்பு" என்றார்.

அக்காவைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய்யாக இருக்கும் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. இத்தனை வருஷமும் சொன்ன அத்தனை "நான்தான்"களையும் அந்த மனிதர் நம்பியிருக்கிறார். பஸ்ஸை, சாம்பாரை, லாரியை, எல்லாவற்றையும். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே ஆள் விட்டேன். மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த நேரத்தில் கம்பெனி பஸ் வந்தது. அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மெஷின் பக்கமாக நகர்ந்து நின்றார். இறங்கியவர்கள் அவரைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்கள். "நல்லா இருக்கீங்களாண்ணே? ஒடம்பு எப்டி?" என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டு, விரல் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். சூப்பர்வைசர்கூட நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார். கடைசி ஆள் போகிற வரைக்கும் அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவர்கூடத் திட்டவில்லை.