பதினான்கு ஊசிகளும் ஒரு மடியும்

"என்னை ஒரு இடத்துல கட்டிப்போட இன்னும் எந்த உயிரும் பொறக்கல."

பதினோரு ஆண்டுகளுக்கு முன், பிராணிகள் மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே நம் பெருமகனார் மச்சானிடம் இப்படி அறிவித்தார். ஆறே மாதம், அப்புறம் கிளம்பிவிடுவாராம்.

ஊசி குத்தும்போது நாயை அசையாமல் பிடித்துக்கொள்வது அவருடைய பதவி. பேர் எதற்கு, 'பிடி அண்ணன்' போதும். அக்குபஞ்சர் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஊசி ஏறிவிட்டால் இருபது நிமிடம் கதவைத் தாழிட்டுவிடுவார்கள். ஒருமுறை ஒரு பூனை முதுகில் ஆறு ஊசியோடு தெருவில் உலா போனதிலிருந்து இந்தச் சட்டம். பிராணி உள்ளே என்றால் அண்ணனும் உள்ளே.

அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவருக்கு நேர்காணல். நாள் முழுக்க வண்டியில் ஊரைச் சுற்றும் வேலை, கூரையே தேவையில்லை. மூன்று மணிக்கே இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறிவிட்டார். மூன்றேகாலுக்கு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஒரு கிழட்டு நாய் வந்தது.

"வேற யார் பிடிச்சாலும் கடிக்குது அண்ணே. மூணே முக்காலுக்கு உங்களை விட்டுடறேன்" என்றார் டாக்டரம்மா.

நாயைக் கொண்டுவந்த தையல்காரருக்குக் கண்கள் சிவந்திருந்தன. "வலியில நாலு நாளா தூங்கலம்மா, நானும்தான். இனிமே மாத்திரையை நிறுத்திடலாமா?"

"நிறுத்தவே கூடாது. ஊசி அதுக்குத் துணை, அவ்வளவுதான்."

அண்ணன் தரையில் சம்மணமிட, நாய் அவர் மடியில் தலை வைத்தது. பதினான்கு ஊசிகள் ஏறின. தாழ் விழுந்தது. சட்டைப்பையில் போன் துடித்தது. டாக்டரம்மா எடுத்து அவர் காதில் வைத்தார்.

"எங்க இருக்கீங்க?" மனைவி.

"உள்ள."

"பதினோரு வருஷமா இதையேதான் சொல்றீங்க. இன்னைக்காவது வெளில வாங்க."

"நாலு மணிக்கு அங்க நிப்பேன், பாரு."

டாக்டரம்மா வாக்குத் தவறவில்லை. மூன்றே முக்காலுக்கு ஊசிகளை எடுத்து, எண்ணி, கதவை அகலத் திறந்தார். தையல்காரர் மாத்திரை வாங்கப் போனார். நாயோ அண்ணன் தொடையில் எச்சில் வழியக் குறட்டை விட்டது.

"போங்க அண்ணே, நேரமாச்சு."

அண்ணன் முழங்காலை அரை அங்குலம் உயர்த்தினார். குறட்டை அறுந்தது. முழங்கால் இருந்த இடத்துக்கே இறங்கியது. குறட்டை தொடர்ந்தது. திறந்த கதவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் நான்காக ஐந்து நிமிடம்.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றார் தணிந்த குரலில். "அப்படியே அந்தக் கதவைச் சாத்திடுங்க. வெளிச்சம் அவன் கண்ணுல படுது."